சீரியல் செட்டுக்கு முன்னால் ஆர்சிசிபி: பண்டிகைக்கு வாங்கிய மின்சாமான்கள் பற்றி

இந்தப் பண்டிகை சீசனுக்காக வீட்டுக்கும் யூனிட்டுக்கும் சேர்த்து வாங்கிய மின்சாமான்களில், கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி தந்தது ஒரே ஒரு பொருள்தான். அது விளக்கு இல்லை, அலங்காரமும் இல்லை, மெயின் சுவிட்சுகள் இருக்கும் டிபி பாக்ஸுக்குள் மாட்டும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் தரைக்குக் கசிந்தால் லைனைத் துண்டித்துவிடும் பெட்டி. நாங்கள் இருப்பது திருப்பூர். முன்பக்கம் வீடு, பின்பக்கம் பவர் டேபிள்கள், அதாவது மோட்டார் தையல் மிஷின்கள், ஓடும் சின்னத் தையல் யூனிட். நம் ஊரில் பண்டிகை சீசன் என்பது ஆயுத பூஜையில் ஆரம்பித்து தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஏறக்குறைய நாலு மாதம் நீளும், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழைக்காலம். சுவர் ஈரம், தரை ஈரம், கை ஈரம், அந்த நேரத்தில்தான் மொட்டைமாடியிலிருந்து கேட் வரைக்கும் ஒயரை இழுத்து விளக்குப் போடுகிறோம். அதனால் சீரியல் செட் என்கிற சர விளக்கைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் இந்தப் பெட்டியைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

"வீட்டில் எம்சிபி இருக்கே, அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்காத ஆள் இல்லை. எம்சிபி என்பது லோடு மீறினாலோ ஷார்ட் ஆனாலோ விழும் சுவிட்ச். கணக்கைப் பாருங்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரக்கையோடு, செருப்பில்லாமல் ஈரத்தரையில் நிற்கிற ஒருவரின் உடம்பு மின்சாரத்துக்குக் காட்டும் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்படியானால் உடம்பு வழியாக ஓடுவது சுமார் 230 மில்லிஆம்பியர், அதாவது கால் ஆம்பியரைவிடக் குறைவு. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று இதைவிட அதிகம் இழுக்கும். 6 ஆம்பியர் எம்சிபியோ, பழைய பியூஸ் கட்டையோ இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, யாரோ ஒரு பல்பைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் படும். ஆனால் மனித இதயத்துக்கு 30 மில்லிஆம்பியரே சில நொடிகள் தொடர்ந்து ஓடினால் ஆபத்து, அதற்கும் கீழேயே கைத்தசை இறுகிப் பிடித்த ஒயரை விட முடியாமல் போய்விடும். எம்சிபி இருப்பது ஒயர் எரியாமல் இருக்க. ஆளைக் காப்பாற்ற அது செய்யப்பட்டதே இல்லை.

ஆர்சிசிபி வேறு மாதிரி வேலை செய்கிறது. கரண்ட்டைக் கொண்டுவரும் பேஸ் ஒயரும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரும் அதற்குள் ஒரு வளையத்தின் வழியாகப் போகின்றன. போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், பெட்டி சும்மா இருக்கும். நடுவில் கொஞ்சம் யாருடைய உடம்பு வழியாகவோ, ஈரச்சுவர் வழியாகவோ தரைக்குக் கசிந்துவிட்டால் கணக்கு உதைக்கும். சாயங்காலம் கடையில் கல்லாவை எண்ணும்போது துண்டு விழுந்தால் உடனே தெரிவது போலத்தான். துண்டு விழும் அளவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டால் 300 மில்லிசெகண்டுக்குள்ளும், அதைப்போல் ஐந்து மடங்கு கசிந்தால் 40 மில்லிசெகண்டுக்குள்ளும் அது விழுந்தாக வேண்டும், அதாவது ட்ரிப் ஆகி லைனைத் துண்டித்தாக வேண்டும், ஐஎஸ் 12640 என்ற இந்தியத் தரத்தில் அப்படித்தான் இருக்கிறது.

கடையில் ஹேவல்ஸ், லெக்ராண்டு, ஷ்னைடர், ஏபிபி எல்லாம் இருந்தன. எல் அண்ட் டி பெயரில் வந்துகொண்டிருந்த சுவிட்ச்கியர் இப்போது லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் வருகிறது, டப்பாவில் புதுப் பெயரைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம். நான் வீட்டுக்கு எடுத்தது ஹேவல்ஸ், இரண்டு போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர், விலை 2,000 ரூபாயை ஒட்டி வந்தது. கம்பெனியைவிட அதன் முகப்பில் அச்சாகியிருக்கும் எண்தான் முக்கியம். 100, 300 மில்லிஆம்பியர் என்றும் வருகிறது, அவை ஒயரிங் தீப்பிடிக்காமல் இருப்பதற்கானவை, ஆளுக்கானவை இல்லை. கடைக்காரர் அவசரத்தில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார், கவுண்டரிலேயே திருப்பிப் பாருங்கள். 40 ஆம்பியர் என்பது அந்தப் பெட்டி எவ்வளவு லோடு தாங்கும் என்பதற்கு, அதற்கு முன்னால் இருக்கும் மெயின் எம்சிபியின் ஆம்பியருக்குக் குறையாமல் எடுத்தால் போதும். எங்கள் பக்கம் பல கடைகளில் இன்னும் இஎல்சிபி என்றுதான் சொல்வார்கள், அப்படிக் கேட்டாலும் இதைத்தான் கொடுப்பார்கள்.

மாட்டுவதில்தான் சிக்கல் வந்தது. முதலில் வந்த எலக்ட்ரீஷியன் மாட்டி முடித்து ஹாலில் பேனைப் போட்டதும் விழுந்தது. மறுபடி ஏற்றினார், சமையலறை லைட்டைப் போட்டதும் விழுந்தது. "இது சும்மா சும்மா விழும்ங்க, பண்டிகை நேரத்தில் தொந்தரவு, கழட்டிடலாம்ங்க" என்றார். பல வீடுகளில் இந்த இடத்தோடு கதை முடிந்துவிடுகிறது, பெட்டி இருக்கும், ஆனால் ஒயரை அதைச் சுற்றிக் கொண்டுபோய் நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், வீட்டுக்காரருக்கே தெரியாது. நான் கழட்ட விடவில்லை. அடுத்து வந்தவர் நிதானமாக ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகத் திறந்து பார்த்ததில், இரண்டு அறைகளின் நியூட்ரல் ஒயர் சுவருக்குள்ளேயே ஒன்றாக முறுக்கப்பட்டு, பாதி ஆர்சிசிபிக்குப் பின்னாலும் பாதி முன்னாலும் போயிருந்தது தெரிந்தது. போன வழியில் கரண்ட் திரும்பி வரவில்லை, பெட்டி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. நியூட்ரலைப் பிரித்து, நியூட்ரல் ஒயர்களைச் சேர்க்கும் பட்டையான நியூட்ரல் லிங்க்கில் தனியாகக் கொண்டுவந்ததும் அமைதியாகிவிட்டது. பழைய வீடு என்றால் இந்த வேலைக்கும் கூலிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் கூப்பிட்டால் எந்த எலக்ட்ரீஷியனுக்கும் இதைத் தேட நேரம் இருக்காது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அது தன் விலையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது. எண்ணெய்க் குளியலுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், கீசர் ஒன்று போதாது என்று பரணில் கிடந்த வாட்டர் ஹீட்டர் ராடை எடுத்து அலுமினிய அண்டாவில் போட்டு சுவிட்சைப் போட்டார்கள், வீடே இருட்டாகிவிட்டது. ராடைப் பிடுங்கிவிட்டு ஏற்றினால் ஆர்சிசிபி விழாமல் நின்றது, மறுபடி சொருகினால் விழுந்தது. எலக்ட்ரீஷியன் மெக்கர் (கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தபோது ராடின் உலோக உறையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஓட்டை, அதன் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போன வருடம் வரைக்கும் அதே ராடைத்தான் போட்டார்கள், தண்ணீரைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றது என்று அம்மா இப்போது சொல்கிறார். அந்தச் 'சுருக்'கைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது பாருங்கள். கிரைண்டரில் மாவு வழிக்கும்போது சுருக்கென்கிறது, பிரிட்ஜ் கதவில் சுருக்கென்கிறது, "அது அப்படித்தான், செருப்புப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அதிரசத்துக்கும் முறுக்குக்கும் விடிய விடிய கிரைண்டரும் மிக்சியும் ஓடும் வாரத்தில், கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். சுருக்கென்றால் அந்தச் சாமானை அன்றைக்கே ஓரங்கட்டுங்கள், பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் பேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பிடித்துக்கொண்டு, தரையோடு தொடர்பே இல்லாமல் இருந்தால் ஆர்சிசிபி காப்பாற்றாது, அதற்கு அந்த ஆளும் ஒரு பல்பும் ஒன்றுதான். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் இரண்டையும் இது பார்க்காது, எம்சிபி கூடவே இருந்தாக வேண்டும், இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் ஆர்சிபிஓ என்று தனியாக இருக்கிறது, விலை அதிகம். எர்த் சரியில்லாத வீட்டிலும் இது வேலை செய்யும், ஆனால் எர்த் நன்றாக இருந்தால் பழுதான சாமானைச் செருகின உடனே விழும், எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் விழும். இந்த வித்தியாசம் சின்னது இல்லை, எர்த் குழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முகப்பில் டி என்று ஒரு பட்டன் இருக்கிறது, மாதம் ஒருமுறை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள். வருடக்கணக்கில் அழுத்தாமல் விட்டால் உள்ளே இருக்கும் விசை இறுகிப்போய், வேண்டிய நேரத்தில் நகராது. இன்னொன்று, எர்த் இருக்கிறதா என்று பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பைப் போட்டுப் பார்ப்பார்களே, அது இனிமேல் முடியாது, பல்பை வைத்ததும் விழும். அது பழுது இல்லை.

சரி, சீரியல் செட்டுக்கு வருகிறேன்.

சீசன் நேரத்தில் நடைபாதைக் கடையில் 100 ரூபாய்க்கும் கீழே அள்ளிக் கொடுக்கிறார்களே, அந்த நேரடி 230 வோல்ட் செட்டுகள் இரண்டு வகை வாங்கிப் பார்த்தேன். எரிவது அழகாகத்தான் எரிகிறது. ஆனால் ஒயரைக் கத்தரித்துப் பார்த்தால் உள்ளே தலைமுடி போல நாலைந்து இழைதான், மேல் உறை நகத்தால் கீறினாலே வந்துவிடுகிறது. ஒவ்வொரு எல்இடிக்கும் 3 வோல்ட் அளவுதான் போகிறது என்பதால் இதில் ஷாக் அடிக்காது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், விற்கிறவரும் அதையே சொன்னார். அது தவறு. எல்இடிகள் வரிசையாகக் கோக்கப்பட்டு மொத்த வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். தரையில் நிற்கும் நமக்கு அந்தச் சரத்தின் பேஸ் பக்கத்து முனை கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்தான். விட்டுவிட்டு எரிய வைக்கும் அந்தச் சின்னப் பச்சைப் பெட்டிக்குள் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் எதுவும் இல்லை, கரண்ட்டை விட்டுவிட்டுத் தரும் சர்க்யூட் மட்டும்தான். பிளக் இரண்டு பின்தான், எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் சொருகலாம், தப்பான பக்கம் சொருகினால் அந்தப் பெட்டி நியூட்ரலைத்தான் வெட்டும், விளக்கு அணைந்திருக்கிற நொடியிலும் சரம் முழுக்க பேஸ் நிற்கும். அணைந்திருக்கே என்று கை வைக்கக் கூடாது, பிளக்கையே பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். சில செட்டில் கடைசி முனையில் அடுத்த சரத்தைக் கோக்க ஒரு சாக்கெட் விட்டிருப்பார்கள், அதை மூடி போடாமல் தொங்க விட்டால், குழந்தை கைக்கெட்டும் உயரத்தில் 230 வோல்ட் தொங்குகிறது என்று அர்த்தம்.

இந்த வகைக்கு என் மதிப்பெண் பூஜ்யம். வீட்டுக்குள், உயரத்தில், காய்ந்த மரச்சட்டத்தில் என்றால்கூட யோசித்துத்தான் போடுவேன், வெளியில் போடவே மாட்டேன்.

இதற்குப் பதிலாக அடாப்டரோடு வரும் குறைந்த வோல்ட் செட் எடுத்தேன், விலை நாலைந்து மடங்கு அதிகம். 31 வோல்ட் என்றும் 24 வோல்ட் என்றும் வருகிறது, பூஜை அறைக்கு 5 வோல்ட் யுஎஸ்பி சரமே போதும், மொபைல் சார்ஜரில் ஓடுகிறது. அடாப்டர் மேலேயே இன்புட் எவ்வளவு, அவுட்புட் எவ்வளவு என்று அச்சாகியிருக்க வேண்டும், அவுட்புட் போடாத அடாப்டரை வாங்காதீர்கள், பெயருக்கு அடாப்டர் டப்பா வைத்து உள்ளே ஒரு கெப்பாசிட்டரை மட்டும் சொருகி விற்கிறார்கள், அதில் பேஸ் அப்படியே வெளியே வரும். அடாப்டரை வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு, சரத்தை மட்டும் ஜன்னல் வழியே வெளியே விட்டோம். கார்த்திகைக்கு முந்தின இரவு நல்ல மழை, நனைந்துகொண்டே எரிந்தது, ஆர்சிசிபியும் அசையவில்லை. நிறம் கொஞ்சம் வெளிறிவிட்டது உண்மை. இரண்டாவது சரம் ஒன்றில் பாதிக்கு மேல் எரியவில்லை, கடையில் மாற்றித் தந்தார்கள். நாலு நட்சத்திரம் தருவேன்.

எதை வாங்கினாலும் கட்டும் விதத்தில் இன்னும் பாதி இருக்கிறது. கட்டுக்கம்பியை வைத்து கிரில்லில் இறுக்கிக் கட்டாதீர்கள், கம்பி உறையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கினால் பால்கனி கிரில் முழுக்க, கேட் முழுக்கக் கரண்ட் பாயும், அந்த கேட்டைத் தொடப்போகிறவர் பால்காரரோ பேப்பர் போடும் பையனோ. சணலோ பிளாஸ்டிக் டேகோ போதும். துணி காயப்போடும் கம்பியில் ஒயரைச் சுற்றி விடுவது அதைவிட மோசம், மழைக்காலத்தில் ஈரத்துணியோடு அந்தக் கம்பியைத் தொட்டு உயிர் போன செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. ஒயரை முறுக்கி டேப் சுற்றின ஜாயின்ட் எதுவும் வெளியில் இருக்கக் கூடாது. கார்த்திகைக்கு அகல் வைக்கிற அதே கைப்பிடிச் சுவரில் பிளாஸ்டிக் சரத்தை ஓட்டாதீர்கள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் பழைய 40 வாட் குண்டு பல்பைப் போடுகிறார்கள் இன்னும், காகிதம் அந்தச் சூட்டில் கருகும், எல்இடி பல்பு போட்டாலே போதும். அப்புறம், மொட்டைமாடிக்குப் பக்கத்தில் ஈபி லைன் போகிற வீடுகளில் நீளமான மூங்கிலோ இரும்புக் குழாயோ தூக்கி விளக்குக் கட்டவே கட்டாதீர்கள். தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரலில் தேர் உயர்மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அந்தக் கம்பியின் முன்னால் நம் வீட்டு ஆர்சிசிபிக்கு ஒரு வேலையும் இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இதில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆன்லைனில் நிறைய நட்சத்திரத்தோடு இருந்த ஒன்றை வாங்கினேன், எட்டு சாக்கெட், தனித்தனி சுவிட்ச், யுஎஸ்பி எல்லாம் உண்டு. பின்னால் சின்ன எழுத்தில் 6 ஆம்பியர் என்று இருக்கிறது. 6 ஆம்பியர் என்றால் மொத்தம் 1,380 வாட், எட்டு சாக்கெட்டுக்கும் சேர்த்து. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே 2,000 வாட், கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். பண்டிகைக்கு வந்தவர்கள் காபி போட அடுப்பை ஹாலில் இந்த பாக்ஸில் சொருகினால் என்ன ஆகும்? எம்சிபி 16 ஆம்பியராக இருந்தால் விழவே விழாது, பாக்ஸின் ஒயர்தான் சூடாகி இளகும். திறந்து பார்த்தேன், எர்த் பின்னின் ஓட்டை இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒயரே இல்லை. மூன்று பின் சாமானை அதில் சொருகுவது எர்த்தைக் கழட்டிவிட்டு ஓட்டுவதற்குச் சமம். திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குப் பதில் ஐஎஸ்ஐ முத்திரையோடு 16 ஆம்பியர் பிளக் டாப், 16 ஆம்பியர் சாக்கெட், நல்ல மூன்று கோர் ஒயர் மூன்றையும் தனித்தனியாக வாங்கி எலக்ட்ரீஷியனிடமே கட்டித் தரச் சொன்னேன், பார்க்க அழகாக இல்லை, ஆனால் அடுப்பு ஓடும்போது ஒயரைத் தொட்டால் குளுகுளுவென்று இருக்கிறது. சுருட்டி வைக்கும் ஒயர் பாக்ஸ் என்றால் பெரிய லோடு கொடுக்கும்போது முழுவதும் பிரித்துவிடுங்கள், சுற்றி இருக்கும் ஒயரில் சூடு வெளியேற வழியில்லை.

பிஐஎஸ் கேர் என்று ஒரு மொபைல் செயலி இருக்கிறது, இந்தியத் தர நிர்ணய அமைப்புடையது. ஒயர், பிளக், சாக்கெட்டில் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணையும், அடாப்டர் போன்றவற்றில் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணையும் அதில் போட்டால் எந்த கம்பெனிக்குக் கொடுத்தது, இப்போதும் செல்லுபடியாகிறதா என்று காட்டுகிறது. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். நான் கேட்டதும் ஒரு கடைக்காரர் முகம் மாறி, உள்ளேயிருந்து வேறு டப்பாவை எடுத்துவந்தார்.

யூனிட் பக்கம் இது வேறு கதை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மிஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவது எங்களுக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம், அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் ஈரத்துணியால் சுவிட்ச் போர்டைத் துடைப்பதும், மோட்டார் பெட்டியில் தண்ணீர் தெளிப்பதும், மெயின் சுவிட்சின் மேலேயே குழைத்த சந்தனத்தை அப்புவதும் வழக்கமாக நடக்கிறது. இந்த முறை மெயினை இறக்கி, அதில் ஒரு பூட்டைப் போட்டு, சாவி மேஸ்திரி பையில் இருக்கும் என்று முடிவு செய்தோம். சும்மா ஆஃப் செய்து வைத்தால் போதாது, பாட்டுப் போட யாராவது ஒருவர் ஏற்றிவிடுவார். பஞ்சுத் தூசியை முதலில் காய்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, அப்புறம் துடைத்து, மறுநாள் நன்றாக உலர்ந்த பிறகுதான் பூட்டைத் திறந்தோம். பொட்டு மிஷின் உடம்பில் வைத்தார்கள், போர்டில் வைக்கவில்லை, ஒருவரும் வருத்தப்படவில்லை.

யூனிட்டுக்கு ஆர்சிசிபி போடும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது வரும் பவர் டேபிள்களில் சர்வோ மோட்டார், அதன் கன்ட்ரோல் பாக்ஸில் மின் இரைச்சலை வடிகட்ட இருக்கும் பில்டர் ஒவ்வொன்றும் நல்ல நிலையிலேயே கொஞ்சம் கரண்ட்டை எர்த்துக்குக் கசிய விடும். ஒரு மிஷினுக்கு அது பொருட்டே இல்லை, முப்பது மிஷினையும் ஒரே 30 மில்லிஆம்பியர் பெட்டியில் போட்டால் எந்தப் பழுதும் இல்லாமலே விழும், பீஸ் ரேட் ஆட்கள் நிற்கும் லைனில் அப்படி விழுந்தால் அன்று சாயங்காலமே யாராவது பெட்டியைச் சுற்றி ஒயர் கொடுத்துவிடுவார்கள். சாதாரணமாகக் கசியும் அளவு பெட்டியின் அளவில் 30 சதவீதத்துக்குள், அதாவது 9 மில்லிஆம்பியருக்குள் இருக்கும்படி மிஷின்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிப்பதுதான் வழி. நாங்கள் வரும் மெயினில் 100 மில்லிஆம்பியர் நாலு போல் (மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் சேர்த்து) ஒன்று, அதற்குப் பின்னால் வரிசைக்கு ஒரு 30 மில்லிஆம்பியர் என்று போட்டோம். சர்வோவுக்கு சாதாரண அலைக் கசிவை மட்டும் பிடிக்கும் ஏசி வகை போதாது, அரை அலைக் கசிவையும் பிடிக்கும் ஏ வகை கேளுங்கள், முகப்பில் அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலைகளும் வரைந்திருக்கும். கடையில் பெரும்பாலும் ஏசி வகைதான் கைவசம் இருக்கிறது, சொல்லி வைத்து ஒரு வாரம் காத்திருந்துதான் வாங்கினோம். செலவு கூடத்தான், ஆனால் பூஜைக்கு மிஷின்மேல் சீரியல் போடுகிற செலவையும் மாலைச் செலவையும் கூட்டிப் பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியவில்லை.

போனஸ் போட்டு, ஆட்கள் ஊருக்குக் கிளம்பி, யூனிட் ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கிற தீபாவளி விடுமுறைதான் எனக்கு எப்போதும் பயம். பனியன் துணி, வேஸ்ட், பாலிதீன், எல்லாம் நிறைந்த கட்டிடம், யாரும் இல்லை. சாமி படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்பும், அதற்குச் சுற்றின சீரியலும் மட்டும் விடுமுறை முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். அதை மட்டும் எப்படி அணைப்பது என்று எல்லோரும் தயங்குவார்கள். இப்போது சாமிக்கு பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு வைத்துவிட்டு மெயினை இறக்கிவிடுகிறோம். கேமராவுக்கு மட்டும் தனி லைன், தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி. தீயணைப்பு சிலிண்டரில் முள் இருந்தால் அது பச்சையில் நிற்கிறதா என்று கிளம்பும்முன் பாருங்கள், மின்சாரத் தீக்குக் கார்பன் டை ஆக்சைடோ உலர்பவுடரோதான், தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஷாக் அடித்த ஆளைக் கையால் இழுக்காதீர்கள், முதலில் மெயின், அது எட்டாத தூரம் என்றால் காய்ந்த மரக்கட்டை, அப்புறம் 108. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி பாருங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலோ, கம்பத்தில் கசிவு இருந்தாலோ மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுக்கிறார்கள். புது இணைப்புக்கு ஆர்சிடி (ஆர்சிசிபி போன்ற கசிவுக் காப்புக் கருவி) கட்டாயம் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதியே கொண்டுவந்துவிட்டது. ஆனால் பத்து இருபது வருடத்துக்கு முன் கட்டின வீடுகளில் யாரும் வந்து தட்டிப் பார்க்கப் போவதில்லை, நாமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால்தான் உண்டு.

எங்கள் வீட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை, இரண்டாவதாக வந்த அந்த எலக்ட்ரீஷியன்தான் சொன்னார். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது, மின்சாரம் கிளம்புவதே இன்வெர்ட்டரிலிருந்துதான், மெயின் பக்கத்து ஆர்சிசிபியின் வழியாக அது வருவதே இல்லை. மழை இரவில் தெருவே இருட்டாகி நம் வீட்டுச் சீரியல் மட்டும் எரிகிறதே, அந்த நேரத்தில் அந்த லைனுக்குக் காவல் கிடையாது. இன்வெர்ட்டர் அவுட்புட்டில் தனியாக இன்னொரு 30 மில்லிஆம்பியர் போட வேண்டும், அங்கே நியூட்ரலை எப்படி எடுப்பது என்பதையும் பார்த்துச் செய்கிற ஆள் வேண்டும். பெட்டி வாங்கி வைத்துவிட்டேன், பொங்கலுக்கு முந்தின வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் கரண்ட் போனால் வெளி விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம்.